காற்றுக்கு ஒன்றரை முழம்

திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.
லீவில் வந்தவன் பையில்
சோதனைக் குழுவின் பழுப்பு உறை.
உள்ளே மூன்று கட்டம்:
ஆறரை.
ஏழு புள்ளி ஆறு இரண்டு.
எட்டு புள்ளி ஆறு.
ஒன்றில் டிக் அடித்து
நிறை குறையை நான்கு வரியில் எழுதவேண்டும்.

தலைஞாயிறு தாண்டி மதகுக் கட்டையில் உட்கார்ந்து
பால் பிடித்த சம்பாவைப் பார்க்கிறேன்.
மேடு என்ற சொல்லே தேவைப்படாத ஊர்.
கண் போனால் போனதுதான்.
ஒரு டிரான்ஸ்பார்மர்,
அதற்கும் அப்பால் ஒரு நாரை.
எண்ணூறு மீட்டர்.
கேட்காமலே வந்துவிடுகிறது கணக்கு.

மார்கழி வாடை.
கதிர் சாய்கிற சாய்வைப் பார்த்தால்
மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் இருக்கும்.
இந்தக் காற்று
ஆறரையைத் தள்ளுவதைவிட
ஏழு அறுபத்திரண்டை
ஒன்றரை முழம் கூடுதலாகத் தள்ளும்.
ஒன்றரை முழம்,
தையல்நாயகி வெள்ளிக்கிழமை வாங்குகிற பூ.
அல்லது
குறி வைத்தவனுக்கும்
அவனுக்குத் தீப்பெட்டி நீட்டுபவனுக்கும்
நடுவிலிருக்கிற தூரம்.

எட்டு புள்ளி ஆறை முதலிலேயே அடித்துவிட்டேன்.
தோட்டாவே கட்டைவிரலைவிட நீளம்,
தானியங்கியாக அதைச் சுமப்பவன்
மூன்றாவது மலையில் என்னைத் திட்டுவான்.

விதைக்கடையில் நீலமேகத்திடம்
விவரம் சொல்லாமல் கேட்டேன்:
"ரெண்டுல ஒண்ணு பொறுக்கணும், எப்படிப் பொறுக்குவ?"
"எல்லாக் கடையிலயும் கெடைக்கிறதப் போடு மாப்ள.
ராத்திரி பத்து மணிக்குத் தீந்துபோனாலும்
பக்கத்தூர்ல வாங்கலாம்."
தெரியாமல் சொன்னாலும்
ஏழு அறுபத்திரண்டுக்கு இதைவிட நல்ல வக்கீல் இல்லை.
இயந்திரத் துப்பாக்கிக்காரனிடம் கடன் கேட்கலாம்.
கோவேறு கழுதை எப்போதும் அதைத்தான் ஏற்றி வரும்.
குழலும் இரண்டு மடங்கு நாள் உழைக்கும்.

ஆனால் இது
தானே அடுத்ததை ஏற்றிக்கொள்கிற துப்பாக்கி.
போல்ட்டுக்குக் கை போகவேண்டாம்,
கட்டையிலிருந்து கன்னம் எழவேண்டாம்.
உதை சின்னதாக இருந்தால்
கண்ணாடி வட்டம் கலங்காது.
புறப்பட்டு ஒன்றே கால் விநாடி,
போய்ச் சேர்வதைச் சுட்டவனே பார்க்கலாம்.
ஆறரையின் பெரிய சிறப்பு இதுதான் என்றார்கள் குழுவில்.
நானும் தலையாட்டினேன்.

எட்டு வருஷம் முன்பு, பனியில்,
என்னிடம் இருந்தது உதைக்கிற ஜாதி.
சுட்டதும் வானம், பாறை, ஒரு புரளல்.
வட்டம் திரும்பி வந்தபோது
அங்கே பாறை மட்டும்.
பக்கத்தில் தொலைநோக்கியோடு படுத்திருந்த லோபோதான் பார்த்தான்.
"ஹிட்" என்றான்.
அன்று ராத்திரி நான் தூங்கினேன்.
நாலு மாதம் கழித்து
பஸ்ஸுக்கு நிற்கும்போது
கேட்காமலே சொன்னான் இந்தியில்:
"காலரை மடிச்சு விட்டுக்கிட்டிருந்தான்.
ஒரு பக்கம்தான் மடிஞ்சிருந்தது."
பஸ் வந்தது.
ஏறிக்கொண்டோம்.

டிக் அடித்துவிட்டேன் ஆறரையில்.
காற்று, வீச்சு, எடை எல்லாம்
மூன்று வரியில் முடிந்தது.
நான்காவது வரி:
'சுடுபவர் தன் குண்டு சேருமிடத்தைத்
தானே காண இயலும்.'
இதை நிறை என்ற பத்தியில் எழுதுவதா,
குறையிலா?
பேனா நின்ற இடத்தில்
மை ஒரு கடுகளவு ஊறிவிட்டது.
நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்.
கர்னல் திருப்பி அனுப்பட்டும்.

நாரை இரண்டு அடி தள்ளி நின்றது.
உரமூட்டையோடு வந்த நீலமேகம்
வண்டியை நிறுத்தாமலே கத்தினான்:
"எதப் பொறுக்குன?"
"ஆறரை."
"புது ரகமா? எத்தன நாளு அது?"

ஒன்னே கால் செகண்டு
வாய் வரை வந்தது.

"நெறைய நாளு" என்றேன்.