அரைப்பேர்

மூன்று மணிக்கு முன் கை கழுவினால் அரைப்பேர்.
உச்சிக்கு முன் என்றால் ஒன்றுமில்லை.
ஹட்டன் பக்கத் தோட்டத்துச் செக்ரோலிலிருந்து
கொழும்புத் துறைமுகத்துக்கு நான் கொண்டுவந்த சொல் அது.
கரி சுமப்பவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.
"கிளாக்கர் ஐயா, இன்னைக்கு நான் முழுப்பேரா, அரைப்பேரா?"
தினமும் கேட்பான் ஒச்சப்பன்,
நாற்பத்தொன்றாம் நம்பர்.

வாசல் பலகையில் ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை.
காலையில் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள்.
வேலை முடிந்ததும் மாட்டிவிட்டுப் போவார்கள்.
வில்லை ஆணியில் இருந்தால்
ஆள் கரையேறிவிட்டான் என்று அர்த்தம்.

அது உயிர்த்த ஞாயிறு.
பதினொரு பேர் லீவு கேட்டிருந்தார்கள்.
கப்பல் காத்திருக்கிறது என்றார் துரை.
நாலு பேருக்குக் கொடுத்தேன்.
ஏன் அந்த நாலு என்று கேட்காதீர்கள்.
பேனா நன்றாக ஓடிய பெயர்கள், அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு அறுபத்துமூன்று பேர்.
ஏழரைக்கு, மேகத்தை உரசிக்கொண்டு
வரிசையாக வந்தன.
நம்முடையவை என்று கையசைத்தான் குஞ்ஞாப்பு.
அவன் கையசைத்ததைக் கண்டேன்.
பிறகு கண்டதெல்லாம் மேசைக்கு அடியிலிருந்து:
நாற்காலிக் கால்,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
உருண்டு வந்து நிமிர்ந்து நின்ற மைக்கூடு.
ஒரு சொட்டு சிந்தவில்லை.
இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

திங்கள் காலை பெயர் கூப்பிட்டேன்.
ஒன்பது குரல்.
கொச்சிக்கடையில் வீட்டுக்கு வீடு பூட்டு.
நீர்கொழும்பு ரோடு நிறைய
தலையில் சட்டியும் இடுப்பில் பிள்ளையுமாக
தலைமன்னாருக்கு நடக்கிறது சனம் என்றார் சவேரி கங்காணி.
ஆஸ்பத்திரிக்குப் போனவற்றில்
பாதிக்கு முகமில்லை என்றும் சொன்னார்.
"போனவற்றில்" என்றுதான் சொன்னார்.

ஓடியவன் யார், செத்தவன் யார்?
செக்ரோலில் இருவருக்கும் ஒரே கட்டம்,
ஒரே சின்னக் கோடு.

ஒன்றரை மணி நேரத்துக்குக் கூலி கிடையாது என்றார் துரை.
அரைப்பேராவது போடலாம் என்றேன்.
அப்படியென்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன்.
அவர் பாஷையில் அது வெறும் அரை நாள்.
அதில் பெயர் எதுவும் இல்லை.
அதனால்தானோ என்னவோ சம்மதித்தார்.

வராத ஐம்பத்துநான்கு பேருக்கு
ஐம்பத்துநான்கு அரைப்பேர் எழுதினேன்.
கூட்டினால் இருபத்தேழு முழுப்பேர்.
எந்த இருபத்தேழு என்று கணக்கு சொல்லாது.

லீவு கிடைத்த நாலு பேரில்
லூயிஸ் பர்னாந்து மட்டும் சம்பள நாளில் வந்து நின்றார்.
ஞாயிறுக்கு உமக்கு ஒன்றுமில்லை என்றேன்.
கையை நீட்டி
அந்த ஒன்றுமில்லாததை வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலையில் ஒரு கவர்.
கமுதி தபால் முத்திரை, மேலே தணிக்கைக்காரர் ஒட்டிய பட்டி.
உள்ளே கடிதம் இல்லை.
பழைய பேப்பரில் சுருட்டிய வில்லை. நாற்பத்தொன்று.

ஒச்சப்பனுக்கு எழுதத் தெரியாது.
அவன் அனுப்பினானா,
அவன் கழுத்திலிருந்து கழற்றியவன் அனுப்பினானா?
கழற்றியவன் என்றால்
கூலி வாங்காமல் எதற்கு அனுப்ப வேண்டும்?
இரண்டு இரவு யோசித்தேன்.
மூன்றாம் நாள் பலகைக்குப் போய்
அதன் ஆணியில் மாட்டினேன்.

விதிப்படி பார்த்தால்
ஒச்சப்பன் கரையேறியது அன்றைக்குத்தான்.
தொண்ணூற்றெட்டு நாள் ஒரே மூச்சில் வேலை.
துரையிடம் இதைப் பேச முடியுமா?

அலுவலகம் காலியானதும்
ஏப்ரல் பக்கத்தைத் திருப்பி
பிளேடு முனையால் 'அரை'யை மட்டும் சுரண்டினேன்.
தாள் மெலிந்துபோய்
பின்பக்கத்து ஆளின் பெயர்
தலைகீழாகத் தெரிந்தது.