என்ன உடைத்திருக்கிறீர்கள்

மார்கழியோடு ஒப்பந்தம் முடிகிறது.
திருப்பாப்புலியூரில் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு.
இரண்டையும் ஒரே நாளில் தூக்கி
புதுச்சேரி நெல்லித்தோப்பில் இறக்கவேண்டும்.
இருபது சொச்சம் கிலோமீட்டர்,
நடந்தே போயிடலாம் என்கிறாள் நாத்தனார் ஜெயக்கொடி.
அவளுக்கென்ன,
தூக்கப்போவது ஒரு கைப்பை.

எனக்கோ லென்ஸ் தீட்டும் மெஷின்,
இன்னும் பதினோரு தவணை பாக்கி.
பவர் பார்க்கும் பெட்டியில் வரிசையாய் நிற்கும் வட்டச் சில்லுகள்;
அதில் ஒன்று தொலைந்தால்
யாரோ ஒருவர் கால் பவர் தப்பாக
பஸ் போர்டு படிப்பார்.

முதலில் வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
வாசலில் நின்றே எட்டாயிரம் என்றான்.
மாடியும் இருக்கிறது என்றதும் பத்து.
படி ஏறவில்லை.
இதுவரை என்ன உடைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.
'நம்ம சர்வீஸ்ல ஒண்ணுமே உடைஞ்சதில்ல மேடம்.'
சொல்லும்போதே முழங்கை பட்டு
கூலிங்கிளாஸ் ஸ்டாண்ட் ஒரு சுற்று சுற்றி
அவனைப் பார்த்து நின்றது.

இரண்டாவது, ஒரு குரல் மட்டும்.
போட்டோ அனுப்புங்க, பாதிப் பணம் இப்பவே போடுங்க.
என்ன உடைத்திருக்கிறீர்கள்?
'இன்சூரன்ஸ் இருக்கு மேம்.'
கடலூரில் எந்தத் தெருவில் ஆபீஸ் என்றேன்,
லைன் போய்விட்டது.
அனுப்பிய லாரிப் படத்தில்
நம்பர் பிளேட்டை வெள்ளையாக அழித்திருந்தார்கள்.
கண்ணாடிக்கடைக்காரிக்கு அதுகூடவா தெரியாது.

தேசிங்கு கிருமாம்பாக்கத்துக்காரர்.
செருப்பை விட்டுவிட்டு ஏறினார்.
மாடிப்படி திரும்பும் இடத்தை முழங்கையால் அளந்தார்.
'பீரோ நின்னமேனிக்குத் திரும்பாது, கால கழட்டணும்.'
அங்கே தெருமுனையில் பள்ளிக்கூடம் உண்டா,
எத்தனை மணிக்கு விடுவார்கள் என்றார்.
நான் யோசித்தே இராத கேள்வி.

என் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை.
விரலை மடக்க ஆரம்பித்தார்.
'வில்லியனூர்ல ஒரு நிலைக்கண்ணாடி.
நெல்லிக்குப்பத்துல டி.வி., அது கயிறு சரியில்ல...
இல்ல, கயிறு கட்டினது நான்தான்.
பண்ருட்டியில மீன் தொட்டி. நாலு மீன் பொழச்சிது.
பாகூர்ல ஒரு டீச்சர் வீட்டு ஊறுகா ஜாடி,
காசு கொடுத்துட்டேன்,
அந்தம்மா இன்னும் பேசறதில்ல.'

பதினோராயிரத்து ஐநூறு.
கார்பன் வைத்த பில்லில் ஒவ்வொரு சாமானாக எழுதி
பீரோவுக்கு நேரே
'கீறல் முன்னமே உள்ளது' என்றும் குறித்தார்.
மூவாயிரத்து ஐநூறு ஜாஸ்தி என்றாள் ஜெயக்கொடி.
தார்ப்பாயை வெளிச்சத்தில் விரிக்கச் சொன்னேன்.
ஐந்து நட்சத்திரம் தெரிந்தது.
மாத்திடறேன் என்றார். மாற்றியும் விட்டார்.

கடைசியாக ஒன்று, கேட்கவும் கூச்சம்:
முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி,
புதுச்சேரி என்றால் வரிசையாகப் பிராந்திக் கடை.
ஏறும் சாமான் கடலூர்ச் சாமான், இறக்கும் கை எப்படி இருக்கும்?
அவரே சொன்னார்:
'வழியில வண்டி நிக்காது.
எறக்கி முடிச்ச அப்புறம் அவனவன் பாடு.'

நிற்கவில்லை.
பெண்ணையாற்றுப் பாலத்தில் மட்டும் வேகம் குறைந்தது,
மெஷினுக்காக.

சாயங்காலம் கடைக்குள் எல்லாம் வந்த பின்
தேசிங்கு தனியாக வந்து நின்றார்,
கையில் தினத்தாள் பொட்டலம்.
கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகை.
கடைசி வரியில் ப-வுக்கும் ட-வுக்கும் நடுவே
ஒரு கோடு ஓடியிருந்தது.
நான் பார்க்கவே இல்லை, பத்து நாள் ஆகியிருக்கும் பார்க்க.
பில்லில் அறுநூறு கழித்து, கையெழுத்தும் போட்டிருந்தார்.

அந்தக் கடைசி வரியைப் படிக்கிறவர்கள் குறைச்சல்தான்.
பலகையை மாற்றவில்லை இன்னும்.

போன வாரம் எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர்
லாஸ்பேட்டைக்குப் போகிறார், ஆள் தேடுகிறார்.
உங்களுக்கு வந்தவங்க எப்படி, என்றார்.
'ஒண்ணு உடைச்சாங்க' என்று சொல்லி
நம்பரைக் கொடுத்தேன்.
ஒரு மாதிரி பார்த்தார்.
அவருக்குக் கிட்டப்பார்வை,
கண்ணாடி போடச் சொன்னால் கேட்பதில்லை.