ஐந்தொகை

சேவுகன், படம் பார்த்தேன்.
அது கசிவு இல்லை, வியர்வை.
சொட்டினால் அட்டை விரியுங்கள்.
சொட்டுவது தானாக நின்றால்தான் பயப்பட வேண்டும்:
உள்ளே எண்ணெயே இல்லை.

அங்குல ஸ்பேனர் வாங்கிவிட்டீர்களா?
பதிமூன்று மில்லிமீட்டர் கிட்டத்தட்டச் சேரும்.
அந்தக் கிட்டத்தட்டதான்
போல்ட்டின் தலையைக் கோலிக்குண்டாக்கும்.
நான் மூன்று உருட்டியவன்.
நாலாவதை உளி வைத்து எடுத்தார்
தேவகோட்டை லேத் தைனீஸ்.
அவர் திட்டவில்லை,
பில் திட்டியது.

கார்புரேட்டர் இரண்டும் ஒரே மூச்சு விட வேண்டும்.
கிளினிக்கில் எச்சில் உறிஞ்சும் குழாய் இருக்கிறது, தருகிறேன்.
ஒரு முனை உங்கள் காதில்,
மறுமுனை அதன் வாயில்.
இடது சீறி, வலது பெருமூச்சு விட்டால்
திருகைத் தொடுங்கள். திருக வேண்டாம்,
தொட்டாலே போதும்.

வேர் சிகிச்சை ஊசியை மட்டும்
பித்தளை ஜெட்டுக்குள் விடாதீர்கள்.
விட்டேன்.
ஆயிரம் பல்லில் நடுங்காத கை.
மயிரிழை அகன்றது துளை;
காரைக்குடி போய்வர ஏழு லிட்டர்.
தூண்டில் நரம்பு போதும், சேவுகன்,
கண்மாய்க்கரைக் கடையில் பத்து ரூபாய்.

முகப்பு வளைந்து காற்று இழுத்தால்
ஆத்தங்குடியில் பூக்கல் வார்க்கிறார்களே,
அந்தக் கண்ணாடித் தகட்டில் ஒன்று கேளுங்கள்.
அதைவிட மட்டமான சமதளம்
இந்த ஜில்லாவில் கிடையாது.
மேலே உப்புத்தாள் விரித்து
எட்டுப் போடுவதுபோல் தேயுங்கள்.

வேகத்தடையைச் சாய்த்து ஏறுங்கள்,
ஒரு சக்கரம், பிறகு ஒரு சக்கரம்.
பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான்.
அவனுக்கு சைலன்சர் பத்தாயிரம் ஆகாது.

டிஸ்ட்ரிபியூட்டர் கதை கேட்டீர்கள்.
தண்டு ஆட்டம் கண்டுவிட்டது.
புஷ் கடைந்து தருகிறேன், கேம் முடியாது என்றார் தைனீஸ்.
லண்டனில் எட்டு வாரம், அப்புறம் சுங்கம்.
அப்போதுதான் தெரிந்தது,
கோட்டையூரில் பூட்டிய வீட்டின் பின்கட்டில்
தார்ப்பாய்க்கடியில் இதே வண்டி,
இதே வருஷம், நிறம் மட்டும் பச்சை.

வீடு பதினோரு பங்கு.
ஒருவர் பினாங்கு, மூவர் சென்னை,
இருவர் ஒரே தெருவில், பேச்சுவார்த்தை இல்லை.
ஒரு உள்ளங்கைச் சாமானுக்குப்
பதினோரு கையெழுத்து.
நாலு மாதம் அலைந்தேன்.
(லண்டனில் எட்டு வாரம் என்று சொன்னேன் அல்லவா,
சிரிக்காதீர்கள்.)

கடைசிப் பங்கு, ஈப்போவில் தேனம்மை ஆச்சி.
குரல் செய்தி அனுப்பினார்:
“எடுத்துக்கிடுங்க டாக்டர்.
உங்க பழசை அதே இடத்துல மாட்டிருங்க.
சாமான் பட்டியல்ல கார் ஒண்ணு, முழுசுன்னு இருக்கு.
ஐந்தொகை இடிக்கக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
சாவிக்காரர் அடைக்கலம் டார்ச் பிடித்தார்,
கழற்றிய திருகுகளை வாய்விட்டு எண்ணினார்.
நல்லதை எடுத்துத் துணியில் சுற்றினேன்.
என் ஆட்டம் கண்டதைத் துடைத்து, கிரீஸ் தடவி,
அதன் குழியில் இறக்கினேன்.
சும்மா சொருகிவிட்டு வந்திருக்கலாம்.
நாற்பது வருஷமாய்ச் சுற்றாத என்ஜின்,
யார் பார்க்கப்போகிறார்கள்.
பாயிண்ட் இடைவெளி பதினைந்து தௌ
வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.
“ஓடுமா?” என்றார் அடைக்கலம்.
“ஓடாது.”
“அப்ப எதுக்கு இம்புட்டு நேரம்?”

என் வண்டி இப்போது ஒரே தட்டில் எழுகிறது.

நீங்கள் கேட்ட பெட்ரோல் பம்பு
அந்தப் பச்சையிலும் இருக்கிறது, பார்த்தேன்.
கையெழுத்துத் தாளின் நகல் அனுப்புகிறேன்,
ஆட்களின் நம்பரோடு.
தெருக்காரர் இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள்.
உங்கள் பழைய பம்பை மட்டும்
காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்.