மெமோவுக்குப் பதில்

அனுப்புநர்: மு. மாதேஸ்வரி,
பேனல் ஆபரேட்டர், இரண்டாம் ஷிப்ட்.
பெறுநர்: மேலாளர் அவர்கள்,
மாங்கூழ் ஆலை, காவேரிப்பட்டணம்.

அய்யா,
இருபத்தொன்றாம் தேதி இரவு
இரண்டு மணி பத்து நிமிடம் ஆலை நின்றதற்கு
நானே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள்.
ஆமாம். நான்தான்.

கேட்டிலிருந்து மேட்டுத் திருப்பம் வரை
பெங்களூரா ஏற்றிய லாரிகள்.
புழுக்கத்தில் பழம் வெடித்து
சாறு தாரில் ஒழுகியது.
ஈக்கள் வந்து லோடு இறக்கின.
டன்னுக்கு இவ்வளவு நஷ்டம் என்று
மெமோவில் ஒரு கணக்கு உண்டு.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்,
கூட்டல் சரி.

கொட்டைக் கழிவை இழுக்கும் கன்வேயரின் சுவிட்சில்
சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கியது.
அட்டையில்: தீர்த்தகிரி, ஃபிட்டர். உள்ளே ஆள்.
பூட்டியவரே திறக்க வேண்டும் என்பது
தாங்கள் மாட்டிய போர்டில் நான்காவது வரி.
அதன்மேல் கூழ் தெறித்துக் காய்ந்திருந்தது.
நகத்தால் சுரண்டிப் படித்தேன்.

சூப்பர்வைசர் கட்டரோடு வந்தார்.
"கழுவிட்டு அவன் எப்பவோ வீட்டுக்குப் போயிட்டான்,
சாவியும் பையிலேயே போயிருக்கும். வெட்டு."
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
ஆனால் அய்யா,
பச்சைப் பட்டன் நினைப்புக்கு அமுங்காது.
விரல் வேண்டும்.
அது என் விரல்.

டார்ச் அடித்தேன்.
மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
குழி என் குரலையே
கொஞ்சம் நனைத்துத் திருப்பித் தந்தது.

போன சீசனிலும் டார்ச் அடித்தோம்.
கன்வேயர் வளைகிற இடத்தில்
வெளிச்சம் வளைவதில்லை.
அங்கே குனிந்திருந்தான் பிகாஷ் நாயக்.
"யாராச்சும் இருக்கீங்களா" என்று கேட்டோம்,
தமிழில்.
அவனுக்கு அன்று தெரிந்த தமிழ்
"சாப்டாச்சா" ஒன்றுதான்.

விசாரணை அறிக்கையை நான் வாசித்திருக்கிறேன்.
"இயந்திரம் இயக்கப்பட்டது" என்று இருக்கிறது.
"வலது முன்கை சேதப்படுத்தப்பட்டது" என்று இருக்கிறது.
பள்ளியில் செயப்பாட்டு வினை நடத்தியபோது
அது எதற்கு என்று புரியவில்லை.
இயக்கியது நான்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
இப்போது தாங்கள் காரணம் கேட்டதால்
அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அதற்குப் பிறகுதான் பூட்டுகள் வந்தன.
பன்னிரண்டு. சிவப்பு. ஆளுக்கொரு சாவி.

தீர்த்தகிரியின் போன் அணைந்திருந்தது.
வாட்ச்மேன் பைக்கில் போனார்.
வேலம்பட்டியில் மனுஷன் நல்ல தூக்கம்.
சாவி பேண்ட் பையில்,
பேண்ட் ஊறப்போட்ட பக்கெட்டில்.
லுங்கியோடு வந்து இறங்கி
என் முகத்தைக்கூடப் பார்க்காமல் திட்டினார்.
நான் அவருடைய இரண்டு கையையும் பார்த்தேன்.
பூட்டுக்குள் சோப்பு நுரை போனது.
திறந்தது.
அமுக்கினேன்.
கன்வேயர் ஓடியது, கொட்டைகள் மட்டும் வந்தன.

மூன்று நாள் சம்பளப் பிடித்தத்தை
ஏற்றுக்கொள்கிறேன்.
ஒரு வேண்டுகோள்:
அந்த நான்காவது வரியை
ஒடியாவிலும் எழுதச் சொல்லுங்கள்.
பிகாஷின் தம்பி ரஞ்சன் இந்த வருஷம் வந்திருக்கிறான்,
அதே குழியைக் கழுவுகிறான்.
அவன் அட்டையில் பெயரை நான்தான் எழுதினேன்.
அவனால் அதை வாசிக்க முடியவில்லை.
விரலால் தடவிவிட்டுச் சிரித்தான்.
பட்டன் பக்கம் நிற்கிற எனக்கு
வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
மு. மாதேஸ்வரி.

பின்குறிப்பு:
பூட்டுகள் இப்போது பதினொன்றுதான் இருக்கின்றன.
பன்னிரண்டாவது
தங்கள் அறை பீரோவில் தொங்குகிறது.
உள்ளே ஆள் இல்லையென்றால்
திருப்பித் தரவும்.