ச என்பது ஆறா, ஏழா

முதலாண்டு, இசைக்கோட்பாடு, இரண்டாம் தாள்.
பலகை முழுக்கக் கடபயாதி.
எழுத்தெல்லாம் எண்.
ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கி
இடம் வலம் மாற்றிப் போட்டால்
எத்தனையாவது மேளம் என்று வந்து நிற்கும்.
மா ஐந்து, யா ஒன்று, திருப்பினால் பதினைந்து:
மாயாமாளவகௌளை.

இதை நாங்கள் ராகங்களோடு நிறுத்தியிருக்கலாம்.

அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் மக்கர் செய்த ஒரு காலை
அவரவர் பெயரைப் போட்டுப் பார்த்தோம்.
கோமகள் ஐம்பத்தொன்று, காமவர்த்தினி.
மிருதங்கக்காரிக்கு இது எதற்கு என்றாள், ஆனாலும்
நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டாள்.
ஹாரூன் இருபத்தெட்டு, ஹரிகாம்போதி.
வாசுகி எழுபத்து நான்கு.
மொத்தமே எழுபத்திரண்டுதான்.
"நான் இன்னும் பிறக்காத ராகம்" என்று
வீணை உறையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.
கீழே ஆறு
உப்பா நல்லதா என்று முடிவு பண்ணாமல் கிடந்தது.

என் முறை.
சவரி.
வ நான்கு, அதில் வழக்கில்லை.
ச?
வடமொழிக்கு ஸ வேறு, ச வேறு.
ஸ ஏழு. ச ஆறு.
தமிழ் இரண்டையும் ஒரே பாயில் படுக்க வைத்திருக்கிறது.
"வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றாள் கோமகள்.

யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.
அப்பா வீராம்பட்டினம். ஸவரி என்பார்.
அம்மா குளச்சலில் பிறந்தவள்.
இருபத்தோரு வருஷம் இந்தக் கரை மீனைத் தின்றும்
சோறும் சுக்கும் சண்டையும் அவளுக்கு
மேலண்ணத்தில் ஒருமுறை முட்டித்தான் வெளியே வரும்.
ச்சவரி.

ஸ என்றால் நாற்பத்தேழு, சுவர்ணாங்கி.
ச்ச என்றால் நாற்பத்தாறு, ஷட்விதமார்க்கிணி.
வாசுகி பக்கம் புரட்டிப் படித்தாள்:
அதே ரி, அதே க, அதே ம, அதே த.
நிஷாதம் மட்டும் வேறு.
அப்பா கூப்பிட்டால் காகலி.
அம்மா கூப்பிட்டால் கைசிகி.

யாரும் சிரிக்கவில்லை.
வகுப்புக்கே தெரியும்
எனக்குப் பிடிபடாதது அந்த இரண்டுதான் என்று.
செவிப்பயிற்சியில் பத்துக்கு மூன்று.
மேடம் திரும்பி நின்று வாசிப்பார், இது எந்த நி?
கைசிகி என்பேன், காகலியாக இருக்கும்.
மாற்றிச் சொல்வோம் என்று மாற்றினால்
அன்றைக்குப் பார்த்து கைசிகியாகவே இருந்து தொலைக்கும்.
வாசுகியின் வீணையில் மெட்டு உண்டு,
மெழுகில் பதித்த எல்லைக்கல் உண்டு.
வயலினில் வெறும் கருந்தரை.
நடுவிரல் ஆள்காட்டியை ஒட்டினால் கைசிகி,
மோதிரவிரலை ஒட்டினால் காகலி.
என் நடுவிரல் எவரையும் ஒட்டாமல்
நடுவில் நின்று கெட்ட பெயர் வாங்கும்.

அன்று சாயந்திரம் முத்தியால்பேட்டை வீட்டில்
போனில் சுருதிப்பெட்டி, மாடிப்படியில் நான்.
குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.
கீழேயிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.
ஸவரி
ச்சவரி
எட்டிப் பார்க்காமலே தெரிந்தது
எந்தக் குரலுக்குக் குடம், எந்தக் குரலுக்கு மோட்டார் சுவிட்ச் என்று.
இருபது வருஷமாக ஒருமுறை கூடத் தப்பியதில்லை.
விரலை அம்மா பக்கம் வைத்தேன்.
வில்லை இழுத்தேன்.
பிறகு அப்பா பக்கம்.
"தண்ணி போயிடும்டா" என்று
இரண்டு நிஷாதமும் சேர்ந்து திட்டின.

மறுவாரம் பத்துக்கு ஐந்து.
ஐந்து போதாது. தேர்ச்சிக்கு ஆறு வேண்டும்.
விடைத்தாளின் மேல்மூலையில் பெயர் எழுதும்போது
ச என்று போட்டேன், ஒற்றை எழுத்து.
எந்த ச என்று
பல்கலைக்கழகம் கேட்கவில்லை.

வாசுகி எழுபத்து நான்காவதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.
ஆரோகணம் கிடைத்துவிட்டதாம்.
இறங்கத்தான் வழி தெரியவில்லையாம்.