இருபத்து மூன்றாவது முறை

சூளைமேடு. இரவு ஒன்றே முக்கால்.
கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் மட்டும்
கீச் கீச்சென்று எண்ணுகிறது:
மிஞ்சினால் ஆறு நிமிடம்.

திரையில் அவன்,
ஆஸ்பத்திரிக் கூடத்தை அடைத்துக்கொண்டு.
தண்ணி லாரி வயிறு. கையில்
பிய்த்தெடுத்த லிஃப்ட் கதவு.
இருபத்திரண்டு முறை கொன்றிருக்கிறான் என்னை.
தலையில் சுட்டேன், முட்டியில் சுட்டேன்,
இருந்த குண்டையெல்லாம் வாய்க்குள் எறிந்தேன்.
ஏப்பம் விட்டான்.

ஃபேன் நின்ற அறையில்
முதல்முறையாக அவன் மூச்சு கேட்டது.
மூன்று அடி. ஒரு இழுப்பு.
அப்போது மட்டும்
பின்கழுத்துத் தையல் பிளந்து
மூடிக்கொள்கிறது.

ஒரு வாரமாக இந்த டொரடொர ஃபேனிடமா
தோற்றுக்கொண்டிருந்தேன்?

துப்பாக்கியைப் போட்டுவிட்டு
அவனை நோக்கியே ஓடினேன்.
முதல் அடிக்குத் தூண் மறைவு.
இரண்டாவதற்குக் காலிடுக்கில் உருண்டேன்.
மூன்றாவதற்கு நின்றேன், நின்றேன்,
கதவு காதோரம் இறங்கும்வரை நின்று
விலகினேன். தரையில் செருகிக்கொண்டது.
இழுத்தான் மூச்சை.

முதுகில் ஏறியபோது கையில் இருந்தது
முதல் லெவலில் சும்மா பொறுக்கிய
துருப்பிடித்த கத்தரிக்கோல்.

மண்டியிட்டு, மெதுவாகச் சரிந்தான்.
கழுத்தில் ஓர் அடையாள அட்டை ஆடியது.
வார்டு பாய் என்றிருந்தது. மேலே பெயர்.
படிப்பதற்குள்
யூபிஎஸ் அடங்கியது.

சேவ் ஆனதா, தெரியாது.

பக்கத்துப் பாயிலிருந்து தேவசகாயம்,
கண் திறக்காமல்:
"செத்தானா, பாஸ்?"
"செத்தான், பாஸ்."
"அப்ப ஜன்னலத் தொற.
வேகுது."