இருபத்து நாலு டிகிரி

பதினோரு வருஷமாக
அல்சூர் லேபில் ஊசி பிடிக்கிறேன்.
"கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்"
என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வாய்
என் ரத்தத்தை வேறொருத்தி எடுத்தபோது
சும்மா இருந்தது.

மூன்று மாதச் சராசரி
ஏழு புள்ளி ஒன்பது.
மிஷின் தப்பு என்று
இரண்டாவது குழாயும் போட்டுப் பார்த்தோம்.
மிஷினுக்கு என்னிடம் என்ன பகை.

அன்று இரவே சர்க்கரை டப்பாவை
எட்டாத அலமாரிக்கு ஏற்றினேன்.
என் உயரம் ஐந்தடிதான்.
ஆனால் வீட்டில் ஸ்டூல் இருக்கிறது.

முதல் ஈடு தோற்றது.
கோகோவும் தேங்காயெண்ணெயும்
பளபளவென்று இழைந்து வந்த நேரம்
ஆசைப்பட்டு ஒரு கரண்டி டிகாக்‌ஷன் விட்டேன்.
திரிந்துபோனது.
சாக்லேட் முறைத்துக்கொள்ள
ஒரு சொட்டுத் தண்ணீர் போதுமாம்.
ஈர மணலாய் ஒட்டிக்கொண்டதை
நின்றபடியே வழித்துத் தின்றேன்.
வீணாக்கினால் பாவம்.
தவிர, யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் ஈட்டுக்கு
காப்பித்தூள் கடையில் சொன்னேன்:
சிக்கரி வேண்டாம்,
கோலமாவு மாதிரி அரைத்துக் கொடுங்கள்.
"ஃபில்டர்ல நிக்காதும்மா" என்று அவர்
கன்னடத்தை ஓரமாக வைத்துவிட்டுத்
தமிழில் கவலைப்பட்டார்.
பல்லில் நின்றால் போதும் என்றேன்.

எரித்ரிட்டால் என்றொரு வெள்ளைப் பொடி.
கால் கிலோ வாங்கிய காசில்
இரண்டு மாதச் சர்க்கரை வாங்கலாம்.
நாக்கில் வைத்தால்
இனிப்பதற்கு முன்னால் சில்லென்கிறது,
கதவைத் திறந்த யாரோ
உள்ளே வராமலே போய்விட்ட மாதிரி.

அச்சு எதற்கு,
ஓட்டையில்லாத மினி இட்லித் தட்டு இருக்கிறதே.
பதினெட்டுக் குழி,
குழிக்கொரு வறுத்த பாதாம்.

தேங்காயெண்ணெய் உறைய
இருபத்து நாலு டிகிரிக்குக் கீழே போக வேண்டும்.
ஏப்ரலில் இந்த ஊரிலும் அது குழம்புதான்.
டிசம்பர் மர்பி டவுனில் ஃபிரிட்ஜே வேண்டாம்.
ஜன்னலோரம் வைத்தேன்.
வாசலில் நட்சத்திர விளக்கு மாட்டி,
அது எரியாமல், வயரைத் திட்டி,
எட்வின் ஏணியிலிருந்து இறங்குவதற்குள்
பதினெட்டுக் கண்ணும் மங்கி இறுகிவிட்டன.

ஒன்றை எடுத்து மென்றார்.
"மருந்துன்னு நினைச்சா
நல்லாவே இருக்கு."

மறுநாள்
எதிர்வீட்டு பிளாரன்ஸ் அக்கா
தட்டு நிறையக் கல்கல் கொண்டுவந்தாள்,
மேலே பாகு வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
எனக்கு ஆகாது என்று சொல்லவில்லை.
சொன்னால் அவளும் ஏதாவது சொல்ல வேண்டிவரும்.
அக்டோபரில் அவள் முழங்கை மடிப்பில்
நரம்பு தேடியவள் நான்.
ரிப்போர்ட்டை உறையில் போட்டு ஒட்டியதும் நான்.
அந்த எண் அன்றிலிருந்து
என் நாக்கடியில் கரையாமல் கிடக்கிறது.
லேபுக்கு வெளியே அதைத்
துப்பவும் கூடாது,
விழுங்கவும் முடியவில்லை.

வந்த தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது.
கல்கலை எட்வினின் டப்பாவில் கொட்டினேன்,
மூன்றைத் தவிர.
அந்த மூன்றைப் பற்றி இப்போது ஏன்.
தட்டில் பதினாறு கறுப்பை அடுக்கிக்கொண்டு
எதிர்ப்படி ஏறினேன்.

"காப்பியா, சாக்லேட்டா, என்னடி இது?"
இரண்டும்தான் அக்கா.
சர்க்கரை போடலை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.
ஒன்றைக் கடித்தாள்.
கசக்குது, என்றாள்.
தட்டை மார்போடு அணைத்தபடி
கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் அவள் மகன் வந்து நின்றான்,
கையில் பேனா,
பழைய கரண்ட் பில்லின் பின்பக்கம்.
"அந்தப் பொடி பேர் என்னன்னு
அம்மா எழுதிட்டு வரச் சொன்னாங்க."

எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
தப்பாக எழுதினான்.
இரண்டு ட் வரும் தம்பி,
முதல் ட்-க்கு மேலே
ஒரு புள்ளி.